உங்களைக் கேட்டார்களா?

வாசக அன்பர்களே, நீங்கள் என்றைக்காவது மெர்சிங் படகுத்துறையில் நின்றதுண்டா? ஆற்று முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுத் தண்ணீர் ஆழமில்லாமல் இருப்பதால், கடல் ஏறினால்தான் படகு புறப்படும். தியோமான் தீவுக்கும் ராவாத் தீவுக்கும் போகிறவர்கள் மூட்டை முடிச்சுகளோடு மணிக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். அந்த நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை கையில் தாள்களோடு வந்து, "பயணம் எப்படி இருந்தது? சாப்பாடு பிடித்ததா? கழிவறை சுத்தமாக இருந்ததா?" என்று கேட்டுக் கட்டங்களில் புள்ளடி போட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிற விருந்தாளியின் கருத்துக்கு அவ்வளவு மரியாதை.

ஆறு வருஷம் ஆரம்பப் பள்ளி, அதற்குமேல் ஐந்து வருஷம் இடைநிலைப் பள்ளி என்று பதினொரு வருஷம் தன் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வாசலில் நிற்கிற தாயை யாராவது அப்படிக் கேட்டதுண்டா?

கேட்டார்கள். கேட்கத்தான் செய்கிறார்கள். எப்படிக் கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றுக்காகக் குளுவாங்கிலிருந்து காஹாங் வழியாக மெர்சிங் போகும் சாலையில், ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், மூன்றாம் ஆண்டு படிக்கும் மகனுடைய புத்தகப்பையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க. நாளைக்குக் குடுத்தாகணுமாம்."

மலாயில் இருபது கேள்விகள். பள்ளிக் கட்டடம், சிற்றுண்டிச்சாலை, ஆசிரியர், பாதுகாப்பு, போக்குவரத்து என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். ஒன்று என்றால் கொஞ்சமும் திருப்தி இல்லை, ஐந்து என்றால் மிகவும் திருப்தி. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது கேள்விக்கு மேல் அந்த அம்மாவுக்குப் பொறுமை இல்லை. பேனாவை வாங்கி இருபதுக்கும் ஐந்தையே போட்டுவிட்டார்.

"ஏம்மா, எல்லாம் அவ்வளவு நல்லாவா இருக்கு?"

"மேலே பிள்ளை பேரு எழுதச் சொல்லியிருக்கே அண்ணே. வாத்தியாரு பாப்பாருல்ல?"

அவ்வளவுதான். அந்தப் பாரம் பையில் போய்விட்டது. எங்கோ ஓர் அலுவலகத்தில் அதைக் கூட்டிக் கழித்து, பெற்றோர் இத்தனை விழுக்காடு மிகவும் திருப்தி அடைந்துள்ளனர் என்று அறிக்கை எழுதுவார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையும் அதில் இல்லை.

பிறகு தேநீர் குடித்துக்கொண்டே பேசும்போதுதான் வயிற்றில் இருந்தது வெளியே வந்தது. பள்ளி வேன் காலை ஐந்தே காலுக்கே வந்துவிடுகிறதாம். இரண்டு மூன்று தோட்டங்களைச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்பதால் முதல் பிள்ளைக்கு அந்த நேரம். பையனை நாலரைக்கு எழுப்பினால்தான் முடியும். வகுப்பில் அவன் தூங்கி விழுகிறான். கவனம் இல்லாத பிள்ளை என்று ஆசிரியர் குறிப்பேட்டில் எழுதி அனுப்புகிறார். போக்குவரத்து என்ற கேள்விக்கு எதிரே அந்தத் தாய் போட்டிருந்தது ஐந்து.

இதை வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

நம் தோட்டத்துப் பள்ளிகள் பிறந்த கதையே யாரையும் கேட்காமல் பிறந்த கதைதான். பத்துப் பிள்ளைகள் பள்ளி வயதில் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளி வைக்கவேண்டும் என்று மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. (ஜொகூர் அந்தக் கூட்டில் சேராத மாநிலம்.) ஆளைத் தோட்டத்தில் நிறுத்தி வைக்க அதுவும் ஒரு வழி. ஓர் ஓலைக் கொட்டகை, ஒரு கரும்பலகை. பாடம் சொன்னவர் சில இடங்களில் கிராணி, சில இடங்களில் கங்காணி. பிள்ளைகளுக்கு என்ன படிப்பு வேண்டும் என்று லயத்துக்கு வந்து எவரும் கேட்டதில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்து நாடு விடுதலையை நோக்கி நடந்தபோது கல்விக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1951இல் பார்ன்ஸ் அறிக்கை. ஆக்ஸ்ஃபர்டிலிருந்து வந்த எல். ஜே. பார்ன்ஸ் தலைமையில் மலாய்க்காரர்களும் ஐரோப்பியர்களும் உட்கார்ந்த குழு அது. சீனரோ இந்தியரோ அதில் இல்லை. மலாயும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கும் தேசியப் பள்ளி ஒன்றே போதும் என்று அது சொல்லிற்று. தமிழ்ப் பள்ளியும் சீனப் பள்ளியும் அதில் மெல்லக் கரைந்துபோக வேண்டியதுதான். அதே ஆண்டில் டாக்டர் வில்லியம் ஃபென், டாக்டர் வூ தே யாவ் என்ற இருவர் சீனப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து வேறோர் அறிக்கை கொடுத்தார்கள். ஒன்று மலாய்க் கல்வியை முன்னிட்டு, மற்றொன்று சீனக் கல்வியை முன்னிட்டு. நம் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பலகை இரண்டிலும் ஓரத்தில்தான் கிடந்தது.

1956இல் ரசாக் அறிக்கை, 1960இல் ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961இல் கல்விச் சட்டம், 1962இல் ஆரம்பக் கல்வி இலவசம். இவற்றையெல்லாம் நம் பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் கருத்துக் கேட்பது என்றால் மனு அனுப்புவது என்று பொருள். சங்கங்கள், ஆசிரியர் அமைப்புகள், அரசியல் கட்சிகள் உட்கார்ந்து தட்டச்சு செய்து அனுப்பின. நல்ல காரியம்தான், அவர்கள் இல்லாவிட்டால் தமிழ்ப் பள்ளி இன்று இருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் மனு எழுதத் தெரிந்தவருடைய கருத்துதான் மனுவில் ஏறும். அதிகாலையில் பெரட்டுக்கு நின்று, பால் வாளி சுமந்து, அந்தி சாய வீடு திரும்பிய தாயின் கருத்து எந்த மனுவில் ஏறியிருக்கும்?

வீட்டு நிலைமையைத் துருவிப் பார்த்த ஆய்வு என்றால் 1973ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு வெளியிட்ட இடைவிலகல் ஆய்வைச் சொல்லவேண்டும். முராட் முகமது நோர் தலைமையில் நடந்ததால் முராட் அறிக்கை என்றும் சொல்வார்கள். பிள்ளைகள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று தேடிப்போனவர்கள் கண்ட விடை ஏழ்மை. புத்தகம் வாங்கக் காசில்லை, வீட்டில் படிக்க இடமில்லை, பள்ளி தூரம். கேட்டால் நமக்கு வியப்பில்லை. லயத்தில் இருந்த எவருக்கும் தெரிந்த கதை. ஆனால் தெரிந்த கதை தாளில் ஏறியபோதுதான் அதற்குக் கால் முளைத்தது. 1975இல் பாடநூல் இரவல் திட்டம் வந்தது. இன்று நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய நம்மில் எத்தனை பேர், முந்திய வருஷத்துப் பிள்ளையின் பெயர் எழுதிய அந்தப் புத்தகங்களை அட்டை போட்டுப் படித்திருக்கிறோம்! அட்டையின் உட்பக்கம் நாலைந்து பெயர்கள் வரிசையாக இருக்கும். நம் பெயர் கடைசியில்.

ஆய்வு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடும் வாசகர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மகாதீர் முகமது தலைமையில் அமைந்த அமைச்சரவைக் குழு 1979இல் கொடுத்த அறிக்கையின் பயனாக, எழுத்து, வாசிப்பு, கணக்கு என்ற மூன்றுக்கும் முதலிடம் கொடுத்து 1983இலிருந்து ஆரம்பப் பள்ளிப் பாடத்திட்டமே மாறியது. அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2012இல் தேசியக் கலந்துரையாடல் என்று நாடெங்கும் 16 கூட்டங்கள் வைத்தார்கள். கூட்டம், பேட்டி, கேள்வித்தாள் என எல்லா வழியிலுமாக ஐம்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கருத்தைக் கேட்டதாக, பின்னர் வந்த 2013-2025 கல்விப் பெருந்திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். பெரிய எண்ணிக்கைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கூட்டத்துக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

ஏன் என்கிறீர்களா? ஒரு பழைய கதை இருக்கிறது.

அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்று ஒரு பெயர்பெற்ற வாரப் பத்திரிகை. 1936ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் ஜெயிக்கப்போவது யார் என்று அறிய, ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குத் தபால் அட்டை அனுப்பிற்று. இருபத்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பதில்கள் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்து, லேண்டன் என்பவர்தான் வெல்வார் என்று அடித்துச் சொன்னது. ஜார்ஜ் கேலப் என்ற ஒருவரோ அதில் சிறு பங்கு ஆட்களை மட்டும் பொறுக்கிக் கேட்டுவிட்டு, ரூஸ்வெல்ட்தான் என்றார். தேர்தல் முடிந்தது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டார். லிட்டரரி டைஜஸ்ட் இரண்டு வருஷத்தில் கடையைச் சாத்திவிட்டது.

இருபத்து மூன்று லட்சம் பேர் சொன்னது எப்படிப் பொய்த்தது? அட்டை யாருக்குப் போயிற்று என்று பாருங்கள். தொலைபேசிப் புத்தகத்திலும் மோட்டார் வண்டிப் பதிவேட்டிலும் பெயர் இருந்தவர்களுக்கு. பஞ்ச காலத்தில் தொலைபேசியும் வண்டியும் வைத்திருந்தவர் யார்? வசதிக்காரர்கள். அதிலும் பதில் எழுதிப் போட்டவர்கள் கோபத்தில் இருந்தவர்கள். இல்லாதவன் வீட்டுக் கதவை அந்தப் பத்திரிகை தட்டவே இல்லை. சோறு வெந்ததா என்று பார்க்கப் பானையைக் கொட்டவேண்டாம். ஒரு பருக்கை போதும். ஆனால் கிளறாத பானையில் மேலே மிதக்கும் பருக்கையை மட்டும் எடுத்துப் பார்த்தால் அடியில் கிடப்பது அரிசியா சோறா என்று எப்படித் தெரியும்?

அந்தக் கதை அமெரிக்காவோடு முடிந்துவிடவில்லை. இன்று புலனத்தில் ஓர் இணைப்பை அனுப்பி, பெற்றோர்களே இதை நிரப்புங்கள் என்கிறார்கள். பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டியிடம் இருப்பது பொத்தான் அழுத்தும் பழைய கைப்பேசி. அப்பா சிங்கப்பூரில் வேலை, அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை. நிரப்பியவர் யார்? பட்டணத்தில் மேசைமுன் உட்கார்ந்து வேலை செய்கிறவர். தொலைபேசியில் அழைத்துக் கேட்பதானாலும் அப்படித்தான். காலை பத்து மணிக்கு அழைத்தால் தோட்டத்தில் இருப்பவர் எடுப்பாரா? தெரியாத எண் என்றால் மோசடிக்காரன் என்று இப்போது யாருமே எடுப்பதில்லை.

மெர்சிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாவட்டம் கரையோடு முடிவதில்லை. சீபுத் தீவு, திங்கித் தீவு, ஆவுர்த் தீவு, பெமாங்கில் தீவு என்று கடலுக்குள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் பிப்ரவரி வரை கடல் கொந்தளிப்பு. படகு ஓடுவது குறைந்துவிடும். டிசம்பரில் ஓர் ஆய்வாளர் வந்து கருத்துக் கேட்டால் தீவுக்காரர் கணக்கிலேயே வரமாட்டார். கரையிலும் ஜெமாலுவாங் பக்கம், எண்டாவ் பக்கம், நித்தார் பக்கம் என்று குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. பட்டணத்துக் கோப்பிக் கடை வாசலில் நின்று ஐம்பது பேரைக் கேட்டுவிட்டு, மெர்சிங் மக்கள் இப்படி நினைக்கிறார்கள் என்று எழுதினால் அது கோப்பி குடிக்கிறவர்களின் கருத்து.

இனி நம்மவர் கணக்குக்கு வருவோம். கொஞ்சம் கூட்டல் கழித்தல், பயப்படவேண்டாம். நாடு முழுவதும் ஆயிரம் பேரைச் சரியாகப் பொறுக்கிக் கேட்டால், கிடைக்கும் விழுக்காட்டில் மூன்று புள்ளி இப்படியோ அப்படியோ பிசகலாம் என்று கணித நூல் சொல்கிறது. அதனால் ஆயிரம் பேர் போதும் என்று ஆய்வு நிறுவனங்கள் நினைக்கின்றன. சரி, அந்த ஆயிரத்தில் இந்தியர் எத்தனை பேர்? நாட்டு மக்களில் நாம் ஏறக்குறைய ஏழு விழுக்காடு. ஆக எழுபது பேர். எழுபது பேரை வைத்துச் சொல்லும் கணக்கு பன்னிரண்டு புள்ளி வரை பிசகும். இந்தியப் பெற்றோரில் பாதிப்பேர் தமிழ்ப் பள்ளியை விரும்புகிறார்கள் என்று பத்திரிகையில் வந்தால், அது முப்பத்தெட்டாகவும் இருக்கலாம், அறுபத்திரண்டாகவும் இருக்கலாம். அந்த எழுபதில் கிள்ளானும் பினாங்கும் ஈப்போவும் போக, மெர்சிங்கிலிருந்து ஒருவராவது இருப்பாரா? நம்மவர் மிகக் குறைவாக வாழும் இந்தக் கிழக்குக் கரைக்கு அநேகமாக ஒருவரும் கிடைக்கமாட்டார். யாரும் வஞ்சகம் செய்யவில்லை, கணக்கு அப்படி. இந்தியப் பெற்றோரைப் பற்றி அறியவேண்டுமானால் இந்தியப் பெற்றோரை மட்டும் தனியாக ஆயிரம் பேர் கேட்கவேண்டும். அதற்குச் செலவு செய்ய யாராவது முன்வரவேண்டும்.

கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள் என்பது இன்னொரு பூதம்.

1941இல் டொனால்ட் ரக் என்பவர் ஒரு வேடிக்கையை வெளியிட்டார். மக்களாட்சிக்கு எதிராகப் பேசுவதை அமெரிக்கா அனுமதிக்கலாமா என்று ஒரு கூட்டத்தாரைக் கேட்டபோது, கூடாது என்றவர்கள் 62 விழுக்காடு. அப்படிப் பேசுவதைத் தடை செய்யலாமா என்று இன்னொரு கூட்டத்தாரைக் கேட்டபோது, தடை செய்யவேண்டும் என்றவர்கள் 46 விழுக்காடுதான். அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் ஒன்றுதானே? மனிதனுக்கு ஒன்றில்லை. தடை என்ற சொல் தடியைத் தூக்குவது போல் இருக்கிறது, கை தயங்குகிறது.

இதை நம் வீட்டு விஷயத்தில் வைத்துப் பாருங்கள். "தமிழ்ப் பள்ளிகள் நாட்டில் நிலைத்திருக்க வேண்டுமா?" என்று கேட்டால் ஆம் என்று சொல்லாத தமிழர் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். "உங்கள் பிள்ளையை எந்தப் பள்ளியில் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் கதை மாறும். 1957இல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்ததும் சேர்ந்து இன்று ஐந்நூற்றுச் சொச்சம்தான் நிற்கின்றன. 2008 வாக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த மாணவர் எண்ணிக்கை இப்போது வெகுவாக இறங்கியிருக்கிறது. வேண்டும் என்று சொல்வது ஒன்று, விடிகாலையில் பிள்ளையை வண்டியில் ஏற்றிவிடுவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் எத்தனை மைல் தூரம், வேன் கட்டணம் எவ்வளவு, அந்தி வகுப்பு உண்டா, அக்காள் எங்கே படிக்கிறாள் என்று ஆயிரம் காரணங்கள். அந்தக் காரணங்களைக் கேட்காமல் மொழிப்பற்று இல்லை என்று ஏசுவது சுலபம். நானும் ஒருகாலத்தில் அப்படி மேடையில் ஏசியவன்தான். தமிழ்ப் பள்ளி பக்கத்தில் இல்லாத இடத்தில் குடியிருக்கும் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கிப் பார்த்தபின் வாய் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் 1969 முதல் ஆண்டுதோறும் பொதுப் பள்ளிகளைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்டு வந்தார்கள். ஃபை டெல்டா கப்பா என்ற கல்வி அமைப்பும் கேலப் நிறுவனமும் தொடங்கிய கணிப்பு அது. பள்ளிகளின் பெரிய தலைவலி எது என்று கேட்டால், தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் வந்த பதில் மாணவர் ஒழுங்கு. 1986இல் போதைப்பொருள் முதலிடத்துக்கு வந்தது. 2000க்குப் பிறகு பணப் பற்றாக்குறை. இதைவிட எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. பள்ளிகளுக்கு மதிப்பெண் போடுங்கள் என்று மக்களையே கேட்டார்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கு எவ்வளவு, நாட்டிலுள்ள பள்ளிகளுக்கு மொத்தமாக எவ்வளவு? வருஷா வருஷம் ஒரே பதில். ஊர்ப் பள்ளிக்கு நல்ல மதிப்பெண், நாட்டுப் பள்ளிகளுக்கு மட்டமான மதிப்பெண். சொந்தப் பிள்ளை படிக்கும் பள்ளி என்றால் இன்னும் கூடுதல். எல்லாருடைய ஊர்ப் பள்ளியும் நன்றாக இருந்தால் நாட்டுப் பள்ளிகள் மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்?

தன் ஊர்ப் பள்ளியைக் கண்ணால் பார்க்கிறோம். அந்த வாத்தியாரின் பெயர் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவர் வீட்டுக்கு வந்து பார்த்திருப்பார். மற்ற பள்ளிகளைப் பற்றி அறிவது பத்திரிகையில் வரும் சண்டை, சச்சரவு, கூரை ஒழுகல். தமிழ்ப் பள்ளியைப் பற்றிக் கோப்பிக் கடையில் மிகச் சத்தமாகப் பேசுகிறவர் யார் என்று அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள். அதன் வாசற்படியை மிதித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று மெல்லக் கேட்டும் பாருங்கள்.

ஏழைப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறையே இல்லை என்று ஒரு பேச்சு நம் நாட்டிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. தோட்டத்து ஆள் என்றால் கள்ளுக்கடைக்குத்தான் போவான், பிள்ளை படித்தால் என்ன படிக்காவிட்டால் என்ன என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். 1996இல் வட இந்தியாவில் 188 கிராமங்களுக்குப் போய் வீடு வீடாக ஒரு கூட்டத்தார் கேட்டார்கள். 1999இல் புரோப் அறிக்கை என்ற பெயரில் அது நூலாக வந்தது. பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என்று படிப்பில் மிகவும் பின்தங்கிய மாநிலங்கள். ஆண்பிள்ளை படிப்பது முக்கியமா என்று கேட்டதற்கு 98 விழுக்காட்டுப் பெற்றோர் ஆம் என்றார்கள். பெண்பிள்ளைக்கு 89. எழுத்து வாசனை இல்லாத தாய் தகப்பன்மார் சொன்ன பதில் இது! பிறகு ஏன் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை? ஆய்வாளர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் பள்ளிக்குள் நுழைந்து பார்த்தபோது, ஏறக்குறைய பாதிப் பள்ளிகளில் அந்த நேரத்தில் பாடமே நடக்கவில்லை. நூறாண்டாகப் பெற்றோர்மேல் சுமத்திய பழி யார்மேல் போய் விழவேண்டியது என்று அந்த ஒரு கணிப்பு காட்டிவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு அமைப்பு 2005 முதல் அசர் என்ற பெயரில் வேறொரு முறையைக் கையாண்டது. பெற்றோரிடம் திருப்தியா என்று கேட்கவில்லை. வீட்டுத் திண்ணையில் பிள்ளையை உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுத்து, வாசி என்றார்கள். கிராமப்புறத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்க வரவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது. நேற்றுவரை அவளைக் கேட்டிருந்தால், பள்ளி நன்றாகத்தான் நடக்கிறது, பிள்ளை தினமும் போகிறான் என்று சொல்லியிருப்பாள். ஆகவே, தாயே, இன்று இரவு உங்கள் பிள்ளையின் புத்தகத்தில் போன வருஷத்துப் பக்கம் ஒன்றைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தமிழோ மலாயோ வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தடுமாறுகிறானா, ஓடுகிறானா என்று காது சொல்லிவிடும். பிறகு பாரத்தை நிரப்புங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்பது குடும்பம், ஐம்பது குடும்பம் இருக்கும் சின்னப் பள்ளிக்கு ஆயிரம் பேர் கணக்கும் வேண்டாம், மூன்று புள்ளிப் பிசகும் வேண்டாம். எல்லாரையுமே கேட்டுவிடலாம். ஆனால் பாரத்தில் பெயர் கேட்காதீர்கள். பிள்ளையின் பையில் அனுப்பி வாத்தியார் கையால் திரும்ப வாங்காதீர்கள். ஒரு பிஸ்கட் டின்னில் மேலே வாய் வெட்டி, கோயில் மண்டபத்திலோ ஒட்டுக்கடையிலோ வைத்துவிடுங்கள். எழுதத் தெரியாத தாய்மார் வீட்டுக்கு இரண்டு பெண்கள் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ஆண்கள் போனால் வாசலில் நிற்கும் புருஷன்தான் பதில் சொல்வார். தகப்பன் சொல்வதும் தாய் சொல்வதும் பல வீட்டில் வேறு வேறு. திருப்தியா என்று கேட்பதைவிட, போன வாரம் வேன் எத்தனை மணிக்கு வந்தது, இந்த மாதத்தில் வீட்டுப்பாடம் எத்தனை நாள் திருத்தி வந்தது, பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டுப் போனான் என்று கேளுங்கள். கருத்துச் சொல்லத் தயங்குகிறவர்கள்கூட நடந்ததைச் சொல்லத் தயங்கமாட்டார்கள்.

வாங்கிய பதிலை ஒரு மாதத்துக்குள் அவர்கள் முன்னாலேயே வாசித்துக் காட்டுங்கள். வாசிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினால் அடுத்த வருஷம் அந்த டின் காலியாகத்தான் இருக்கும். தலைமையாசிரியர்களில் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். குறை கண்டுபிடிக்கிறார்கள் என்று முகம் சுளிப்பார்கள். பலருக்கு இது கைத்தடி. கூரை ஒழுகுகிறது என்று தலைமையாசிரியர் தனியாக எழுதினால் அது ஒரு கடிதம். நாற்பது குடும்பம் ஒழுகுகிறது என்று சொன்னதாக எழுதினால் இலாகாவில் அந்தக் கடிதத்துக்கு நாற்காலி போடுவார்கள்.

அந்தத் தோட்டத்து அம்மாவின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். மறுநாள் அதிகாலை, இருட்டில் வேன் ஹாரன் சத்தம் கேட்டு விழித்தேன். ஐந்து பதினாறு. பையன் அரைத்தூக்கத்தில் காலணியை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். அம்மா அவன் பையைத் திறந்து அந்தப் பாரத்தை வெளியே எடுத்தார். போக்குவரத்துக்கு எதிரே இருந்த ஐந்தை அடித்துவிட்டு ஒன்று போட்டார். பின்பக்கத்தைத் திருப்பி, சுவரில் வைத்து, தமிழில் இரண்டு வரி எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரே காட்டினார்.

"ஐந்தே காலுக்கு வேன் வருகிறது. பிள்ளை தூங்குவதற்கு அதுதான் காரணம்."

மேலே மகனுடைய பெயர் அப்படியே இருந்தது. அதை அடிக்கவில்லை.